அண்ணி உடைத்த சுவர்

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்று காலை, அண்ணி கையில் கடப்பாரை போன்ற அலவாங்கோடு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், மற்றவர்கள் கூரைத் தகரம் பறக்காமலிருக்கக் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த விறகை அடுப்படியில் அடுக்கி, குடங்களில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். ஹட்டனில் நான் வேலை செய்யும் துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு, சாப்பிடப் பாணும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அண்ணனுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. வீட்டில் அண்ணியும், பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்த அப்பாவும்தான்.

எங்களுடையது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஒரே வாசல். வாசலுக்கு எதிரே செங்குத்தான மண்மேடு. பின்சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருந்த பக்கத்து வீட்டு அக்காவின் வாசலோ ரோட்டைப் பார்த்தது. அண்ணி வலப்பனைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அங்கே மண் சரிந்தபோது, திறக்க முடியாத ஒரு கதவுக்குப் பின்னால் அவருடைய தங்கை மாட்டிக்கொண்டு இறந்துபோனாள். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் பகலில் எங்கள் கதவுக்கு யாரையும் தாழ்ப்பாள் போட விடமாட்டார்.

தண்ணீர்க்குழாய்ச் சண்டையில் அந்த அக்காவும் அண்ணியும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடமாகியிருந்தது. அன்று அண்ணி லயத்தைச் சுற்றிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றார்.

"அக்கா, ஒங்க சாமி படம் மாட்டியிருக்கிற எடத்துல சுவர ஒடைக்கணும். மண்ணு வந்தா மாமாவ அந்த வழியாத்தான் எடுக்கணும்."

"தோட்டத்துத் தொர கேட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேங்க."

அக்கா படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக் கட்டிலில் வைத்தார்.

கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய தடித்த சுவர். மூவரும் மாறிமாறி இடித்தோம். பயத்தில் அண்ணிக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். "மண்ணு சரியலன்னா என்ன செய்றது அண்ணி?" என்று கேட்டேன். "திரும்ப அடைச்சிடுவோம் புள்ள" என்றார், கையை நிறுத்தாமலே.

மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. காற்று தகரங்களைப் பிடித்து உலுக்கியது. பிறகு காற்றை விடப் பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. கதவின் நடுப்பலகை உள்ளே வளைந்து, இடுக்குகளில் சேறு வழிந்தது. சன்னலை மண் மூடியதும், சுவரில் போட்ட ஓட்டை வழி வந்த மங்கல் வெளிச்சம்தான் மிச்சம். எந்தப்பக்கம் திரும்பினாலும் ஈர மண்வாசனை. அப்பாவைக் கம்பளியில் சுற்றி ஓட்டைக்குள் நுழைத்தோம். அவர் தோள் சிக்கிக்கொண்டது. அக்கா அந்தப்பக்கமிருந்து இழுக்க, அண்ணி முழங்கால் அளவு சேற்றில் நின்று தள்ளினார். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவர் போய், நான் போய், கடைசியாக அண்ணி ஊர்ந்து வெளியே வந்தபோதுதான் எங்கள் கதவு பிளந்து விழுந்தது. ரோடும் இரண்டு பக்கமும் உடைந்துவிட்டதால், மறுநாள் ஆட்கள் வரும்வரை அக்காவின் ஒற்றைக் காம்பராவில் எல்லோரும் ஒடுங்கிக் கிடந்தோம்.

கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். இந்த லயம் குடியிருக்க ஏற்றதல்ல என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். வேறு இடத்தை மட்டும் யாரும் காட்டவில்லை. மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, புதுக் கதவு போட்டுக்கொண்டு அதே காம்பராவுக்கே திரும்பினோம். அப்பா அங்கேயேதான் கண்ணை மூடினார்.

இந்த வருடமும் வானம் கறுத்ததும், ஹட்டனில் என் வாடகை அறைக்கு வந்துவிடச் சொல்லி அண்ணிக்கு போன் செய்தேன். தோட்டத்து வேலைப் பதிவில் அண்ணியின் பேர் இருக்கும்வரைதான் காம்பரா நமக்கு என்பது எனக்கும் தெரியும்.

"வேலைக்குப் போகலன்னு பேரு வெட்டிட்டா இதையும் எடுத்துக்குவாங்க. அப்புறம் ஒங்க அண்ணன் லீவுல எங்க வந்து எறங்குவாரு? நீ பயப்படாத புள்ள."

அதற்குமேல் அவர் சொன்னது கேட்கவில்லை. தகரத்தில் மழை கொட்டத் தொடங்கியிருந்தது. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.