எங்கள் வீட்டு அரிசி

கங்கைகொண்டானில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மாவின் போன் வந்தது. "ஞானப்பூக்கா போயிட்டாவ" என்றாள். காலையில் அவருடைய மாவு மில் திறக்காததைப் பார்த்து, பக்கத்து வீட்டார் கதவைத் தட்டியிருக்கிறார்கள். "சரிம்மா" என்றேன். அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிட்டேன். லீவு சொல்லவேண்டும் என்று மத்தியானம்தான் தோன்றியது.

முக்கூடல் பக்கத்தில் எங்கள் ஊரில் ஞானப்பூ பெரியம்மாவை அறியாதவர்கள் இல்லை. மில்லில் வரிசையில் நின்ற எவருக்கும், மிஷின் சத்தத்துக்கு மேலே எழும் அந்தக் குரல் நினைவிருக்கும். என் கையில் புத்தகத்தைக் கண்டால், "அதுக்குள்ளயா மாப்பிள்ள ஒளிஞ்சிருக்கான்?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். அதற்குப் பயந்து, கூட்டமில்லாத நேரம் பார்த்துத்தான் மாவு திரிக்கப் போவேன்.

அசனத்துக்கு அரிசி பிரித்ததும் அவர்தான். வருடத்துக்கு ஒருமுறை சபையார் எல்லோரும் வேதக்கோயில் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்துக்கு, வீடு வீடாகச் சாக்கோடு போவார்.

என் அம்மா அந்தக் கிறிஸ்தவ சபையில் பிறந்தவள். அப்பா இந்து. கல்யாணமானதும் அம்மாவை, ஆராதனையில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்திலிருந்து விலக்கிவைத்தார்கள். அவள் அதோடு கோயில் வாசலை மிதிக்கவில்லை. பிறகு சபைப் போதகர்களான ஐயர்மார் மாறினார்கள். யாரும் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அசனத்தன்று கறி வாசம் எங்கள் தெருவரை வரும். அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு வருடம், பெரியம்மா எங்கள் வாசலில் வந்து சாக்கின் வாயை விரித்தார்.

"மேரி, அரிசி போடு."

"எங்களுக்கெல்லாம் எதுக்குக்கா அசனம்?"

"சும்மா குடுத்தா நீ வாங்கமாட்ட. ஒரு படி போடு. நாளைக்கு உன் பங்கு வரும்."

அம்மா போட்டாள்.

கமிட்டியில் இருந்த தங்கராஜ் அண்ணாச்சிக்கு விஷயம் எட்டியது. "யாரைக் கேட்டு அந்த வீட்டு அரிசியை வாங்குன?" என்றாராம். பெரியம்மா சாக்கை அவர் காலடியில் இறக்கியிருக்கிறார். "கலந்துபோச்சே அண்ணாச்சி. மேரி அரிசி எதுன்னு பொறுக்கித் தாரும். கொண்டு போயிக் குடுத்துருதேன்." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில், அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். மறுநாள் தூக்குச்சட்டியில் சோறும் கறியும் வந்தன. அதன்பின் ஒரு வருடமும் தவறவில்லை.

ஒருமுறை அசனம் கார்த்திகையில் வந்தது. அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். பெரியம்மா கறிக்குழம்போடு நடைவரை வந்துவிட்டார். கறுப்பு வேட்டியைக் கண்டதும், "எப்பா, மறந்துட்டேனே" என்று வந்த வேகத்தில் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து ஈரத்தலையோடு வந்து நின்றார். மிச்சமிருந்த அசன அரிசியில் கொஞ்சம் வாங்கிப் போய், தன் வீட்டில் தனியே பொங்கி, புளிக்குழம்பு வைத்திருந்தார். "குளிச்சிட்டுத்தான் அடுப்பு பத்தவச்சேன் சாமி. இதையும் அசனம்னே நெனச்சுச் சாப்பிடும்." அப்பா இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார்.

அடக்கத்தன்று அம்மாவும் நானும் கோயில் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே பாடினார்கள். பெட்டி எங்களைக் கடந்து போனது. எனக்கு அழுகை வரவில்லை. மில் நின்ற பிறகும் காதில் மிச்சமிருக்குமே ஓர் இரைச்சல், அது மட்டும் இருந்தது.

அசனத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். இந்தத் தடவை அரிசி பிரிக்க வாலிபர்கள் வந்தார்கள். எதிர்வீட்டில் வாங்கினார்கள். எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். வேண்டுமென்று செய்ததல்ல. நாங்களும் அதில் சேர்த்தி என்பது பெரியம்மா ஒருவருக்குத்தான் தெரியும். அம்மா அளந்து வைத்த அரிசி நடையிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் அதைப் பையில் கொட்டிக்கொண்டு கிளம்பினேன். வலியப் போய் நிற்பது எனக்கு எப்போதும் வராது. "விடு, சிரிப்பாவ" என்றாள் அம்மா. நான் செருப்பைப் போட்டேன். தெருமுனை திரும்பும்போது பின்னால் அவள் வருவது கேட்டது.

கோயில் வளாகத்தில், அரிசிச் சாக்குகளுக்குப் பக்கத்தில் தங்கராஜ் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நன்றாக மூப்பாகிவிட்டார்.

"யாரு வீட்டு அரிசி?"

"மேரி வீட்டு அரிசி."

எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு கம்பை ஊன்றி எழுந்து, ஒரு சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார்.

"மெதுவா போடு தாயி. கலந்தபெறகு என்னால பொறுக்கிக்கிட்டு இருக்க முடியாது."

முதலில் சிரித்தது அம்மாதான்.

அன்று பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது. அதில் எங்கள் அரிசி எது என்று தெரியவில்லை.

போன வருடம் பெரியம்மா கொண்டுவந்த தூக்குச்சட்டி எங்கள் அடுக்களையிலேயே நின்றுவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அடுத்த வருடம் அரிசி பிரிக்க நானும் வருகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவைப் போலக் குரல் கொடுக்க என்னால் முடியாது. எந்தெந்த வாசல்களைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.