பேய்க்குப் பதில் சிரிப்பு

பேயைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்கிற கேள்வி எங்கள் வீட்டில் ஒரு மாதம் ஓடியது. வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. எங்கள் கவலையெல்லாம் சித்தப்பா கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்த பேய்ப் படத்தைப் பற்றித்தான்.

அப்போது கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. மிளகோ பலாப்பழமோ, எதுவானாலும் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து சந்தைக்கு நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கு. போனால் மறுநாள் திரும்பிவிடுகிறவர் அந்தத் தடவை நாலாம் நாள்தான் வந்தார். சந்தைத் திடலில் கொட்டகை போட்டுப் பேசும் படம் காட்டுகிறார்களாம். மனுஷன் ஒரே படத்தை மூன்று நாளும் பார்த்திருக்கிறார்.

"பேய் வருதுங்கண்ணா. சனமெல்லாம் வவுத்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது" என்றார். அப்பா நம்பவில்லை. பேயைப் பார்த்தால் காய்ச்சல் வரும், பேதி வரும், சிரிப்பு எப்படி வரும்?

அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் மலையில் சிரிப்பு விளையாட்டுக் காரியமில்லை. இந்த மலையைக் காக்கிற பாவையே சிரித்துத்தான் ஆளைக் கொல்லுவாள் என்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். விறகு பொறுக்கப் போன இடத்தில் எங்கிருந்தாவது சிரிப்புச் சத்தம் கேட்டால் வாயை இறுக மூடிக்கொண்டு வந்துவிட வேண்டும். பதிலுக்குச் சிரித்தால் போச்சு, சிரித்தது நம் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். அம்மா எனக்குக் களி தின்னச் சொல்லிக்கொடுத்த கையோடு இதையும் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

ஆனால் சித்தப்பாவை யாரால் அடக்க முடியும்? களத்தில் சாமை அடிக்கும்போதெல்லாம் அவருக்குப் படம் வந்துவிடும். ஒரு பண்ணையக்காரன். பெண்டாட்டிக்குச் சோறு போடாமல் வேலை வாங்கியே சாகடித்துவிட்டு இரண்டாம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறான். பந்தியில் கடைசி இலையில் செத்துப்போனவள் வந்து உட்காருகிறாள். "சோறு போடு" என்கிறாள். போடப் போடத் தின்கிறாள். சோறு தீர்ந்ததும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவன் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஓடிப் போய் நெல்லுக் குதிருக்குள் குதிக்கிறான். சித்தப்பா வைக்கோலுக்குள் குதித்துக் காட்டுவார். எங்களுக்கு மயிர்க்கூச்செறியும், அதே சமயம் வயிற்றுக்குள் என்னமோ குறுகுறுக்கும். இரண்டும் ஒன்றாக வருவது எனக்குப் புதிது. இன்னொரு தடவை சொல்லுங்க சித்தப்பா என்று அவர் துண்டைப் பிடித்து இழுப்பேன்.

என்னைத் தவிர இன்னொரு தடவை கேட்ட ஒரே ஆள் அத்தைதான்.

அத்தை அப்பாவின் தங்கை. மலையின் அந்தக் கோடியில் வாக்கப்பட்டு, மூன்று தடவை திரும்பி வந்துவிட்டவள். இரண்டு தடவை அப்பாவே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் தடவை ஊர்க்கூட்டத்தில் வைத்து, சாமை அறுப்பு முடிந்ததும் மாமா வந்து அழைத்துப் போகலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பா கொடுத்த வாக்கு மாறாதவர் என்று ஊரே சொல்லும். அதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கெடுத்து வைத்திருந்தார்கள். அத்தை குச்சியாட்டம் இருப்பாள். யாரோடும் பேச்சு கிடையாது. குளிக்கும்போது அவள் முதுகில் கரண்டி அகலத்துக்கு ஒரு தழும்பு தெரிந்தது. என்ன அத்தே என்று கேட்டேன். அடுப்புப் பட்டுடுச்சு கண்ணு என்றாள். முதுகில் போய் அடுப்பு எப்படிப் படும் என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை.

அப்படிப்பட்டவள் சித்தப்பாவிடம் வந்து ஒரு விஷயம் கேட்டாள். "ஏண்ணா, அவ சிரிக்கறப்போ கண்ணைத் தொறந்திருந்தாளா, மூடியிருந்தாளா?"

சித்தப்பா யோசித்தார். "தொறந்துதான் இருந்தா. இமையே ஆடல."

அத்தை தலையாட்டிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாவம், ரொம்பப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சித்தப்பாவின் தொல்லை தாங்காமல் கடைசியில் அப்பா ஒத்துக்கொண்டார். சாமை அடித்து முடித்த கையோடு எல்லோரும் இறங்கினோம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். படம் பார்க்கலாம், யாரும் சிரிக்கக் கூடாது. மடியில் வேப்பிலை, இடுப்பில் கருக்கரிவாள் என்று ஆயுதங்களோடுதான் வந்தாள்.

கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் மூங்கில் தட்டி. மணலில் உட்கார்ந்தோம். வெளியே எஞ்சின் தடதடவென்று கத்த, உள்ளே திரையில் சனங்கள் பேசினார்கள். பேய் வந்தது. கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. அம்மா, அத்தை, நான், எங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேர், ஆக ஏழு பேர் மட்டும் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பாவாடை நுனி. பக்கத்தில் இருந்த கீழ்நாட்டு அம்மா ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவிடம் குனிந்தாள்.

"ஏனுங்க, உங்க எல்லாத்துக்குமேவா பல்லு வலி?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்தது அத்தனையும் எனக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் திரையில் பேயும் சிரித்தது. பேய் சிரிக்க, நான் சிரிக்க, சாட்சிக்கு வேறு ஆளே தேவையில்லை.

"யாருடி சிரிச்சது?" என்று இருட்டில் அம்மா கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் என் சிரிப்பு செத்துப்போனது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாந்தான் அண்ணி" என்றாள். சொல்லிவிட்டு நிஜமாகவே சிரித்தாள். திரையில் பேய் நிறுத்திய பிறகும் சிரித்தாள். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா தங்கையின் குரலை அடையாளம் கண்டு எழுந்து நின்றுவிட்டார்.

திரும்பி மலையேறினோம். சுனையில் தலை நனைத்து, மூன்று தடவை துப்பி, வேப்பிலை மென்று, அரிவாளைத் தாண்டித்தான் ஊருக்குள் வந்தோம். பூசாரி அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வந்திருக்குது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அமாவாசை வரைக்கும் அவள் காட்டுக் காவல் குடிசையில்தான் இருக்க வேண்டும். அடுப்பைத் தொடக் கூடாது. சோற்றைக் கல்லின் மேல் வைத்து, அதன் மேல் ஒரு கரித்துண்டும் வைத்துவிட்டு வர வேண்டும். கரி இருந்தால் பேய் அந்தச் சோற்றைத் தொடாதாம்.

சோறு கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது. அன்று தொடங்கிய அலைச்சல் எனக்கு நிற்கவே இல்லை. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வாசலுக்கும் காட்டுக்கும் காரணமில்லாமல் நடந்தேன். நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டுப் பாவாடை நாடாவைக் கடித்தேன். என் மேல் வர வேண்டிய பேய் அத்தை மேல் போய்விட்டது. சொன்னால் என்னைக் காவல் குடிசையில் போடுவார்கள். சொல்லாவிட்டால் அத்தை செத்துப்போவாள். ஒன்பது வயதுக்கு இது தாங்குகிற கணக்கா, நீங்களே சொல்லுங்கள்.

இதில் இன்னொரு பயம் வேறு. இரண்டாம் நாளே அத்தை, "நாளைக்கு ரெண்டு உருண்டை களி கொண்டா சாமி" என்றாள். கொண்டு போனேன். இரண்டையும் தின்றாள். ஒன்று அத்தைக்கு, இன்னொன்று பேய்க்கு என்று எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. உள்ளே இருக்கிற பேய்க்குக் கரியும் பெரிய தடையில்லை போலிருக்கிறது. அதற்கேற்ற மாதிரி அத்தையின் கன்னத்தில் சதை போட்டது. ஒரு நாள் நான் போனபோது பலா மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். பேய் நன்றாக ஊன்றிவிட்டது என்று அழுதுகொண்டே ஓடி வந்தேன். நான் குஞ்சிலிருந்து வளர்த்த புள்ளிக் கோழியைச் சாமிக்கு நேர்ந்துகொண்டேன்.

அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது மாமா வந்துவிட்டார். கூடவே அவருடைய அம்மாவும். மாமா கையில் குடை, காலில் புதுச் செருப்பு.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? பேய் விஷயத்தை அப்படியே விழுங்கிவிட்டார். கொடுத்த வாக்காயிற்றே! அத்தையைக் குடிசையிலிருந்து வரவழைத்துக் குளிக்க வைத்து, புதுச்சேலை கட்டச் சொன்னார். ஊரில் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு. அத்தை மூட்டையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். பழையபடி குச்சியாகிவிட்டது போல இருந்தது அவள் நின்ற விதம். மாமா அவளைப் பார்க்கக்கூட இல்லை. "கெளம்பு, கெளம்பு" என்று குடையால் பாதையைக் காட்டினார்.

பூசாரி இல்லாத ஊரில், பேயோடு அத்தை தனியாக என்ன செய்வாள்? என்னால் முடியவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து மாமாவின் எதிரே போய் நின்றேன்.

"அத்தையக் கூட்டிட்டுப் போவாதீங்க! பேய் இன்னும் எறங்கல!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாமாவின் அம்மா ஓரடி பின்னால் போனாள். "என்ன பேயி? யாரு மேல?"

சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். இனி ஒளிக்கிறதில்லை. அடி விழுந்தாலும் சரி, குடிசையில் போட்டாலும் சரி.

"கொட்டாயில பேய் சிரிச்சப்போ பதிலுக்குச் சிரிச்சது அத்தையே இல்லீங்க, அது நா..."

அந்த நொடியில் அத்தை சிரித்தாள்.

என் குரல் அதில் அடித்துக்கொண்டு போய்விட்டது. கொட்டகையில் கேட்ட அதே சிரிப்பு. அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறி, நின்று, மறுபடி தொடங்கியது. கண் அகலத் திறந்திருந்தது. இமை ஆடவில்லை. சிரித்துக்கொண்டே மாமாவிடம் ஓரடி வைத்து, கையை நீட்டி, "சோறு போடு" என்றாள்.

மாமா ஓடினதை எப்படிச் சொல்லுவது! குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அவருடைய அம்மா அவருக்கு முன்னால் ஓடினாள், அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். நாங்கள் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம், பதிலுக்கு ஒரு சிரிப்பு வெளியே வந்துவிடக் கூடாதே என்று. சித்தப்பா மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. பிறகு வீட்டுக்குப் பின்னால் போய் வெகுநேரம் வரவில்லை. தங்கைக்காக அழுகிறார் என்று எனக்கும் அழுகை வந்தது.

நாலாம் நாள் மாமாவின் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, பேய் பிடித்தவள் எங்களுக்கு வேண்டாம், தீர்த்துக்கொள்ளலாம் என்றார். அப்பா தலைகுனிந்து சரி என்றார். வாக்கை முறித்தது அவரில்லை, அவர்கள். அந்த ஆறுதலோடு அவர் வெற்றிலை போட்டுக்கொண்டார். அத்தையும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றாள். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்ததால் முகம் எனக்குத் தெரிந்தது. அழுவதற்கு முன்னால் வாய் கோணிக்கொள்வது போல இருந்தது. அவள் வாழ்க்கையை நான்தான் அழித்துவிட்டேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அமாவாசையன்று பூசாரி பேயை இறக்கினார். ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கிவிட்டது, நல்ல பேய். என் புள்ளிக் கோழியை அறுத்தார்கள். நான் தூணைக் கட்டிக்கொண்டு தேம்பினேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, நானும் ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போய், அங்கே முதல் வாரம் பாதி வயிற்றோடு எழுந்தபோதுதான் எனக்கு அந்தக் காவல் குடிசை ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அந்த அமாவாசை ராத்திரி, குடிசைக்குப் போனதிலிருந்து முதல் முறையாக, அத்தை எங்களோடு அடுப்படியில் உட்கார்ந்தாள். அம்மா களியும் கோழிக் குழம்பும் வைத்தாள். தின்று முடித்துவிட்டு அத்தை தட்டை நீட்டி, "இன்னொரு உருண்டை வெய்யுங்க அண்ணி" என்றாள்.

பேய் போகவில்லை. என் கோழியும் வீண்.

அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் அடுப்போரத்திலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அந்த இரண்டாவது உருண்டையின் மேல் வைத்தேன். அத்தை கரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, களியைப் பிட்டு முதல் வாயை எனக்கு ஊட்டினாள். மீதியை, ஒரு துணுக்கு விடாமல், அவளே தின்றாள்.