மாமா பவுடர் கேட்ட நாள்

எங்கள் வீட்டில் பவுடர் டப்பாவை ஒளித்துவைக்கும் வழக்கம் இருந்தது. மற்ற வீடுகளில் நகையை ஒளிப்பார்கள், பிள்ளைகளுக்குத் தெரியாமல் முறுக்கை ஒளிப்பார்கள். என் அம்மா பவுடரை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு பழைய துண்டையும் போட்டு மூடுவாள். காரணம் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. டப்பா கையில் கிடைத்தால் அவர் முகத்துக்குப் போட மாட்டார். தரையில் கொட்டுவார். கொட்டிவிட்டு அதன்மேல் ஆடுவார்.

அது கரகாட்டமாகவோ சினிமா டான்ஸாகவோ இருந்திருந்தால் வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு பெயராவது இருந்திருக்கும். மாமா அதை 'நார்தர்ன் சோல்' என்பார். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு, எங்கள் குடும்பத்தில் படிக்கப் போன முதல் ஆள் என்ற பொறுப்போடு, அது என்னவென்று நூலகத்தில் தேடிப் படித்தேன். மாமா சொன்னதெல்லாம் உண்மை என்று தெரிந்தபோது எரிச்சல் இன்னும் கூடியது. அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குப் பாடிக் கொடுத்த பாட்டுகள் அவை. அமெரிக்காவில் அவை விலைபோகவில்லை. விற்காத இசைத்தட்டுகள் எப்படியோ கடல் தாண்டி இங்கிலாந்தின் வடக்கே ஆலைத் தொழிலாளிகள் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றைப் போட்டுத் தலைமுறை தலைமுறையாக ஆடித் தீர்த்திருக்கிறார்கள். திண்டுக்கல்லில் விற்காத பூட்டை ஜப்பான்காரன் வாங்கிப் பூஜையறையில் வைத்துக் கும்பிட்ட மாதிரி.

நியூ ஜெர்சிக்கு வருவதற்கு முன் மாமா அப்படி ஓர் ஊரில் ஓட்டல் சமையல்காரராக இருந்தார். எதிர்ச்சாரியில் தொழிலாளிகளின் கிளப். சமையலறை ஜன்னல் வழியாக அந்தத் தாளம் வந்து வந்து, வெங்காயம் நறுக்கும் கை அதற்கேற்ப நறுக்கத் தொடங்கிவிட்டதாம். ஒரு லீவு நாளில் உள்ளே நுழைந்துவிட்டார். இந்தக் கதையை நான் கேட்காத வாரம் கிடையாது.

"பஸ் ஓட்டுறவரு, கொத்தனாரு, பல்லு போன பெருசு, எல்லாரும் தனித்தனியாச் சுத்துறாங்கடா. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கல. தரையெல்லாம் பவுடர். வெள்ளக்காரனும் நம்மள மாதிரி பவுடர் போடுவான் போல, எடந்தான் தப்பாத் தெரிஞ்சு வச்சிருக்கான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, தோல் ஷூ வழுக்கிக்கிட்டுப் போறதுக்கு. நீ யாரு, எந்த ஊரு, என்ன வேலைன்னு ஒருத்தன் கேக்கலடா. நானும் பாட்டுக்கு ஒரு மூலையில நின்னு சுத்துனேன்."

அன்று தொடங்கியவர் அந்த ஊரில் இருந்தவரை ஒரு வாரம்கூட விடவில்லை. அமெரிக்கப் பாட்டாயிற்றே, அமெரிக்காவில் தெருவெல்லாம் ஒலிக்கும் என்று நம்பி விமானம் ஏறினார். வந்து இறங்கித் தபால்காரரைக் கேட்டார், பெட்ரோல் போடுகிறவரைக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். மாமா எங்கள் சமையலறையில் ஆடத் தொடங்கினார்.

நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் எங்களுடையது மாடி அபார்ட்மென்ட். மாமா ஒரு சுற்றுச் சுற்றினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் தன் கூரையை இடிப்பார். ஒருமுறை அம்மா சாம்பார்ப் பாத்திரத்தோடு பவுடரில் வழுக்கினாள். சாம்பார் போயிற்று, அம்மா தப்பினாள். அன்றிலிருந்துதான் டப்பா அரிசி மூட்டைக்குப் பின்னால் போனது. மாமா இங்கே வந்து சமையல் வேலைக்குச் சேர்ந்த ஓட்டலில்தான் அப்பாவும் தோசை மாஸ்டர். அவருக்கு இதில் ஒரே ஓர் அபிப்பிராயம்தான் உண்டு: "கல்லுல மாவு சுத்துற மாதிரியே சுத்துறான். ஆனா தோசைதான் வரமாட்டேங்குது."

அம்மாவின் கவலை வேறு. மாமாவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஜோடியே வேணாத ஆட்டத்தப் போயிக் கத்துக்கிட்டு வந்திருக்கான். இவனுக்கு எங்கேருந்து ஜோடி அமையும்?"

எனக்கும் அந்தக் கவலை இருந்தது. மாமாவும் நானும் ஒரே அறையில் படுத்தோம். அவருக்குக் கல்யாணமானால் அறை எனக்கு.

எனக்கு ஒன்பது வயதானபோது தை மாதத்தில் அந்தச் சம்பந்தம் வந்தது. பெண் வீடு பக்கத்து ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். ஊரில் எங்கள் பக்கத்துக்காரர்கள்தான். பெண்ணின் அண்ணன் சாஃப்ட்வேரில் பெரிய வேலை. தங்கை அவர் வீட்டோடு இருந்துகொண்டு ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கல்யாணம் முறிந்தவர். அதனால்தான் ஒரு சமையல்காரர் வரை இறங்கி வந்திருக்கிறார்கள் என்று அம்மா வெளிப்படையாகவே சொன்னாள். மாமா அதைக் காதில் வாங்கவில்லை. ஃபோனில் வந்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, ஆடுவதை நிறுத்தினார்.

"கல்யாணம் முடியட்டும்டா. அப்புறம் எந்தக் கூத்தாச்சும் அடி" என்று அம்மா சொல்லியிருந்தாள். மாமா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முடிக்குச் சாயம் போட்டார். புதுச் சட்டை எடுத்தார். பவுடர் டப்பா கண்ணாடி முன்னால் திரும்ப வந்து உட்கார்ந்தது. அவர் அதைத் தொடக்கூட இல்லை. ராத்திரியில் படுத்துக்கொண்டு, "உங்க அத்தைக்குப் பாட்டெல்லாம் பிடிக்குமாடா?" என்று என்னைக் கேட்பார். பார்த்தே இராத ஒருவரைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை பனி பெய்து ஓய்ந்திருந்தது. அம்மா காரில் கடைசியாக ஒருமுறை சொல்லிவைத்தாள்.

"டான்ஸு, பவுடரு, இங்கிலாந்து, எதையும் வாயத் தொறக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுக்கா."

"பாவம், அந்தப் பொண்ண ஏற்கெனவே ரெண்டு பேரு பாத்துட்டு வேண்டாம்னு போயிட்டானுங்களாம். நாத்தனாரப் பாத்தாலே அந்த அண்ணிக்காரிக்கு எரியுதுன்னு கேள்வி. நல்லபடியா முடிஞ்சா ரெண்டு பேருக்கும் விடியும்."

பெரிய வீடு. வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றி அடுக்கினோம். மாமாவின் தோல் ஷூ பளபளவென்று தனியாகத் தெரிந்தது. கேசரி, பஜ்ஜி, காப்பி. அண்ணன் தன் வீட்டைப் பற்றியே பேசினார். பேஸ்மென்டில் அவரே வாரக் கடைசிகளில் உட்கார்ந்து மரத் தரை போட்டிருக்கிறாராம். எங்களைக் கீழே அழைத்துப் போய்க் காட்டினார். தேன் நிறத்தில் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. மாமா அதைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. மேலே வந்து சாதுவாகக் காப்பி குடித்தார்.

"அவங்க ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கட்டுமே" என்று அண்ணி சொன்னார். இருவரையும் சமையலறைக்கு வெளியே, மரத் திண்ணை மாதிரி இருந்த டெக்குக்கு அனுப்பினார்கள். துணைக்கு நானும் போக வேண்டும். குளிர் தாங்கவில்லை என்று நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டேன். அத்தையாகப் போகிறவர் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். மாமா கைப்பிடியிலிருந்த பனியைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, பிறகு இல்லை. பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

அவர்களை உள்ளே கூப்பிடச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். கதவைத் திறந்தேன்.

"கெட்ட பழக்கம் ஏதாவது இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி கிடையாது. சிகரெட் கிடையாது."

"வேற எதுவுமே இல்லையா?"

அவர் கேட்ட தோரணையில் ஓர் ஏமாற்றம் இருந்தது. எனக்கு விநோதமாகப் பட்டது.

மாமா கொஞ்சம் யோசித்தார். "ஆடுவேங்க."

"எப்படி?"

"தனியா. தரையில பவுடரக் கொட்டி, ஷூ போட்டுக்கிட்டு."

"வீட்டுக்குள்ளயா? ஷூவோடயா?"

"ஆமாங்க."

அவர் பேஸ்மென்ட் ஜன்னல் இருந்த பக்கம் பார்த்தார். "பவுடர் நான் எடுத்துத் தரேன்" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், கேட்டவுடன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாரே. அந்தப் பெண்ணாவது கேட்டால் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, பவுடர் எடுத்துக் கொடுப்பானேன்? அம்மாவிடம் ஓடிச் சொல்வதற்குள் மாமா வாசலுக்குப் போய் ஷூவை மாட்டிக்கொண்டு, வரவேற்பறைக் கம்பளத்தின்மேல் டக்டக்கென்று நடந்து கீழே இறங்கினார். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கால்களையே பார்த்தார்.

நாங்கள் இறங்கிப் போவதற்குள் மரத் தரை முழுக்க வெள்ளையாகிவிட்டிருந்தது. சந்தன வாசனை மூக்கில் ஏறியது. மாமா ஃபோனில் பாட்டைப் போட்டு அலமாரிமேல் வைத்தார். ஆடினார்.

எத்தனையோ முறை அவர் ஆடிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் சமையலறை டைல்ஸில், அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில், கீழ்வீட்டுக்குப் பயந்து ஆடியது. அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு தரை கிடைத்தது. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனார். கால் தரையைத் தொட்டதா என்றே தெரியவில்லை. பம்பரமாகச் சுழன்று, பாட்டு ஒரு நொடி நின்ற இடத்தில் தானும் நின்றார். அப்படியே பின்னால் சாய்ந்து கையை ஊன்றித் தரையைத் தொட்டு, விழுந்துவிட்டார் என்று நாங்கள் நினைக்கும்போது எழுந்து நின்றார். அந்த வீட்டில் யாரையும் அவர் பார்க்கவில்லை. அத்தையாகப் போகிறவர் மாடிப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"நிறுத்துங்க சார். என் ஃப்ளோர் சார்" என்று அண்ணன் பாய்ந்தார். பவுடரில் கால் வைத்தார். சர்ரென்று போய் சோபாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மெண்டல் மாதிரி ஆடுறாரே" என்றார் அண்ணி, என் அம்மா காதில் விழும்படி.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா மட்டும் தட்டில் மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கிளம்பலாமா?" என்றார்.

அதன்பின் எங்கள் வீட்டில் யார் எதற்குக் கோபப்பட்டாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையில் வந்துதான் நிற்கும். நானும் என் பங்குக்குத் திட்டியிருக்கிறேன். கல்லூரிக்குப் போகும்வரை எனக்குத் தனி அறை கிடைக்கவில்லை. மாமா பதில் பேசியதே இல்லை. போன வருஷம் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இப்போது நர்ஸாக இருக்கிறாராம். அவரே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அவருக்கு மறுபடி கல்யாணம் செய்துகொள்ள விருப்பமில்லை. படிக்க வேண்டும். ஆனால் அவர் வேண்டாமென்றால் அண்ணன் கேட்க மாட்டார். பார்க்க வந்தவர் வேண்டாமென்றால், மூன்றாவது ஆளும் வேண்டாமென்று போய்விட்டான் என்று அண்ணி அவரை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். மாமா டெக்கில் நின்று கேட்டுவிட்டு, "அப்ப உங்க அண்ணன் வாயாலயே வேண்டாம்னு சொல்ல வச்சிரலாங்க" என்றாராம்.

அம்மா வீட்டுக்கு வந்து அதற்கும் மாமாவைத்தான் திட்டினாள்.

"ஏண்டா, அன்னைக்கே எங்கிட்டச் சொல்லித் தொலைச்சா என்னடா?"

"சொன்னா நீ சும்மா இருந்திருப்பியாக்கா? நியூ ஜெர்சி பூராத் தெரிஞ்சிருக்கும்."

இவ்வளவு தெரிந்த பிறகுதான் அன்று திரும்பி வரும்போது காரில் நடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பா ஓட்டினார். அம்மா முன்னால். நானும் மாமாவும் பின்னால். ஈஸ்ட் பிரன்ஸ்விக் தாண்டும் முன்பே அம்மாவுக்கு ஃபோன் வந்தது. "சரிங்க. புரியுதுங்க. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்லுவாங்க. அந்த அண்ணங்காரனே பேசுனாரு. சரிப்பட்டு வராதாம்."

"அவங்கதான் வேண்டாம்னாங்க. நாம சொல்லலயே?"

"நாம சொல்ற மாதிரியாடா எங்கள வச்ச நீ?"

"இல்லக்கா, நீ வாய் தவறி ஏதும் வேண்டாம்னு சொல்லிரல இல்ல?"

"இல்லடா, போதும்டா."

மாமா சாய்ந்து உட்கார்ந்தார். அவமானப்பட்டு வந்த மனிதர் இதையா திரும்பத் திரும்பக் கேட்பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு புதுச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்தார். கொஞ்சம் கழித்து மறுபடியும் துடைத்தார். ஆடியது ஒரே ஒரு பாட்டு, அதற்கு இன்னுமா வேர்க்கிறது?

"மாமா, ஹீட்டரக் கொறைக்கச் சொல்லட்டா?"

"சொல்லுடா" என்றார், திரும்பாமலே.

அப்பா ஹீட்டரை அணைத்தார். பிஸ்கட்டவே வரும்வரை நாங்கள் எல்லோரும் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தோம். அதற்கும் சேர்த்து எனக்கு மாமாமேல் கோபம் வந்தது.