சிமுலேட்டர் வருவதற்குள் வந்த தண்ணீர்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் ஒரு விமானம் செய்தேன். லேசான பால்சா மரத்தில், ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம். இயற்பியல் டீச்சராக, இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்று கரும்பலகையில் படம் போட்டே காலத்தை ஓட்டியவள். ஒரு தடவையாவது அதைக் கண்ணால் பார்க்க ஆசை. இறக்கை மட்டுமே ஒரு மழைக்காலத்தைத் தின்றது. ஸ்ரீரங்கத்து வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பசையும் மரத்தூளும். நானும் கணவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

பறக்கவிட இடமும் பார்த்து வைத்திருந்தேன். ஊரைத் தாண்டிப் போனால் கோடையில் கொள்ளிடம் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீர் திறக்கும்வரை அது என் மைதானம்.

மாடல் விமானக் கடைக்காரர் போனில் ஒன்று சொன்னார். "எடுத்ததும் நிஜத்துல விட்டுடாதீங்க மேடம். சிமுலேட்டர்ல நாலு தடவ உடைச்சுப் பழகிக்குங்க." பறப்பது கம்ப்யூட்டர் திரையில், கையில் இருப்பது நம்முடைய அதே ரிமோட். விமானம் நம்மைப் பார்த்துத் திரும்பினால் இடது வலதாகிவிடும், அது கைக்குப் பழக வேண்டும். நியாயமான பேச்சுதான். பக்கத்தில் இருந்த கணவரும் அதைக் கேட்டுவிட்டார், அதுதான் வினை.

அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விபத்து க்ளெய்ம்களைப் பார்த்தே தலை நரைத்தவர். "அத நான் பாத்துக்குறேன்" என்று பொறுப்பை வாங்கிக்கொண்டார்.

முதலில் பார்த்த சிமுலேட்டரில் காற்று வீசவில்லையாம், கழித்துவிட்டார். அடுத்ததில் காற்று வீசியது. ஆனால் ட்ரோன் மட்டும்தான். இன்னொன்றில் விமானமும் உண்டு, காற்றும் உண்டு, சுற்றிலும் பனிமலை. "பனியில பழகிட்டு மணல்ல எப்படி இறக்குவ?" என்றார். எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இதில் பாதி விசாரித்திருப்பாரா என்பது சந்தேகம்.

"என்னங்க, நம்ம ரிமோட் அதுல சேருதான்னு மட்டும் பாருங்க, போதும்."

"அவசரப்படாத. இன்னும் ஒரு ரிவ்யூ பாக்கி இருக்கு."

சித்திரை போனது, வைகாசி போனது. விமானம் பீரோ மேல் துணி போர்த்திக் கிடந்தது. ஆடி பிறந்த பிறகு ஒருவழியாக வாங்கினார். முதலில் கழித்த அதே சிமுலேட்டர். இப்போது அதில் காற்று வைத்துவிட்டார்களாம். அதே வாரம் மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள்.

பாலத்தில் ஊரே திரண்டிருந்தது. ஒரு பக்கம் செல்ஃபி, ஒரு பக்கம் சுண்டல் வியாபாரம். ஆற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் வந்ததற்கு வயிறெரிந்த ஒரே ஆள் நான்தான். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்னைத் தூக்கி அதிலேயே போட்டிருப்பார்கள். திரும்பிக் கணவரைப் பார்த்தேன். பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் முகம். அந்த முகத்தை வகுப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"வேணும்னேதான் இழுத்தடிச்சீங்களா?"

அவர் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அது உடைஞ்சா நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன்."

"நான் தாங்குவேன்."

"அப்ப நான்தான் தாங்கமாட்டேன் போல."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கூடவே, அந்த மனிதர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டதும் ஞாபகம் வந்து தொலைத்தது.

"தண்ணி வடிஞ்சதும் விடப்போறேன். உடைஞ்சாலும் விடுவேன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி உட்கார்ந்தேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் விமானம் ஒழுங்காகத்தான் எழும்பியது. என்னைப் பார்த்துத் திரும்பியதும் கை தடுமாறியது. மூக்கு தரையில் குத்தி, இறக்கை தனியாகத் தெறித்தது. ஒரு பட்டனை அழுத்தினேன். புத்தம்புது விமானம் ஓடுபாதையில் வந்து நின்றது.

"ஏங்க, முழுசா இருக்கு, பாருங்க" என்றேன்.

அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.