பிரமிட் கட்டியவர்களைத் தேடி இருபத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில்

நான் எகிப்துக்குப் போகவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒட்டகத்தைக் காணோம், மணலைக் காணோம் என்று கீழே பின்னூட்டத்தில் வந்து திட்டவேண்டாம். இது இல்ஃபோர்டிலிருந்து லண்டன் நடுவுக்குப் போய்வந்த ஒரு சனிக்கிழமைப் பயணம். 2009 நவம்பர். போனதற்குக் காரணம் ஒரு சண்டை.

எங்கள் கோயில் பங்கில் இந்த வருடக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு மோசே கூத்துப் போடுகிறார்கள். மே மாதம் ஊரில் போர் முடிந்தபோது நடந்ததற்குப் பிறகு பாட்டுக்கும் நடனத்துக்கும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அடிமைப்பட்ட சனம் கடலைக் கடந்து போகிற கதையென்றால் ஆடலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். கூத்துப் பழக்குபவரை எங்கள் பக்கத்தில் அண்ணாவியார் என்போம். இங்கே அந்த அண்ணாவியார் என் மனைவியின் தமையன் சூசை மச்சான். நான் பிளாஸ்டரிங் வேலைக்காரன் என்பதால் மேடைக்குப் பிளைவுட்டில் பிரமிட் செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. செய்தேன், நன்றாகவே செய்தேன். பெயிண்ட் காயமுன்னமே மச்சான் அடுத்த குண்டைப் போட்டார்.

"பிரமிட்டுக்குக் கல்லிழுக்கிற அடிமை வேஷமும் உனக்குத்தான் சேவியர். சவுக்கடி வாங்கி விழவேணும். உன்ர அந்தக் கோணல் கை அதுக்கெண்டே செய்தமாதிரிக் கிடக்கு!"

மண்டபமே சிரித்தது. என் இடது முன்கை நடுவில் வளைந்தது. யூலை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவேன். அடிமை வேஷத்துக்குச் சட்டை கிடையாது. இருநூறு சனத்துக்கு முன்னால் அந்தக் கையைக் காட்டிக்கொண்டு சவுக்கடி வாங்கி விழவேண்டும். எனக்குக் காது சூடேறிவிட்டது.

"பிரமிட்டை அடிமையள்தான் கட்டினதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டேன். கோபத்தில் வாயில் வந்த கேள்விதான். பதில் எனக்கும் தெரியாது.

"பைபிளில கிடக்கு."

"எங்க கிடக்கு?"

"விசர்க்கதை கதைக்காதை மச்சான். சனி பின்னேரம் ஆறு மணிக்கு ஒத்திகை. அதுக்கு முதல் ஆதாரத்தோட வா, வேஷத்தை மாத்திறன். இல்லாட்டிச் சட்டையைக் கழட்டிப்போட்டு வந்து நில்."

சரி, கொண்டுவாறன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னால் செய்கிற ஆள் நான். வீட்டில் இதற்குப் பெயர் பிடிவாதம்.

சனி காலை ஒன்பதரைக்கு ஸ்டேஷனுக்குப் போனால் தண்டவாள வேலை, ரயில் இல்லை. வார இறுதியில் கிளம்புபவர்கள் முதல்நாள் இரவே இதைப் பார்த்துவையுங்கள். நான் பார்க்கவில்லை. ஆகவே இருபத்தைந்தாம் நம்பர் பஸ், நடுவில் அக்கோடியன் மாதிரி மடிகிற அந்த நீளப் பஸ். ஒய்ஸ்டர் கார்ட்டில் ஒரு பவுண்டு. ஹோபர்னுக்குப் போகுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "போகும் அண்ணை. எப்ப போகுமெண்டு மட்டும் கேளாதேங்கோ."

உண்மையான மனிதர். ஸ்ட்ராட்ஃபோர்ட், மைல் எண்ட், வைட்சாப்பல் என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்தது. ரயிலென்றால் அதில் பாதியும் ஆகாது. ஆனால் ஜன்னல் இருக்கை கிடைத்தால் கிழக்கு லண்டன் முழுவதையும் ஒரு பவுண்டுக்குப் பார்த்துவிடலாம்.

ஹோபர்னில் இறங்கி எட்டு நிமிடம் நடந்தால் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய அருங்காட்சியகம். நுழைவு இலவசம். எகிப்தியப் பகுதியில் சனம் தேர்த் திருவிழாக் கூட்டம். ராசாவின் சிலை, ராசாவின் பெட்டி, ராசாவின் மோதிரம். பூனைக்குக்கூடத் துணி சுற்றி மரியாதை செய்திருக்கிறார்கள். கல்லடுக்கிய கொத்தனை மட்டும் நான் சுற்றிய அறைகளில் காணவில்லை. ஒரு மணித்தியாலம் சுற்றிவிட்டு அங்கே நின்ற காவலாளியிடம் விசாரித்தேன். வேலைக்காரர்களின் சாமான் பார்க்கவேண்டுமென்றால் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, பதினைந்து நிமிட நடை, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார்.

இடையில் ஒரு சதுக்கத்து மரவாங்கில் உட்கார்ந்து, இல்ஃபோர்டில் வாங்கிவந்த இரண்டு மட்டன் ரோல்ஸைச் சாப்பிட்டேன். அந்தப் பக்கத்துக் கஃபேக்களில் ஒரு சான்விச்சின் விலையைப் பார்த்தால் பசி தானாகவே போய்விடும், ஆகவே சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

சின்ன அருங்காட்சியகத்தைக் கண்டுபிடிப்பது லேசில்லை. ஒரு கட்டடத்தின் பின்பக்கத்துப் படிகளில் ஏறவேண்டும். உள்ளே வெளிச்சம் குறைவு, வாசலில் கையில் ஒரு டோர்ச் தந்தார்கள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. பலகையலமாரிகளில் பானைகள், மணிகள், செருப்பு, எலிப்பொறி. ஒரு மரச் சுத்தியல் நடுவில் அடிபட்டு அடிபட்டுக் குழிந்துபோயிருந்தது. கடைசியாக அடித்தவன் ஏன் அதைக் கீழே வைத்தான் என்று யோசித்துக்கொண்டு அதற்கு முன்னாலேயே கனநேரம் நின்றேன்.

அன்றைக்கு அங்கே ஒரு பேச்சு நடந்தது. பேசியவர் மரியம் என்ற ஆராய்ச்சி மாணவி. கெய்ரோவில் பிறந்தவர், பழங்கால எலும்புகளைப் படிக்கிறார். கேட்க வந்தவர்கள் பத்துப் பேர்தான். முடிந்ததும் என் கேள்வியை ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் சிக்கி, பிரெஞ்சுக்குத் தாவினேன். ஒன்பது வருடம் பாரிஸில் இருந்தவன் நான். அவரோ லியோனில் இரண்டு வருடம் படித்தவராம். பிறகென்ன, லண்டன் நடுவில் நின்று பிரெஞ்சில் எகிப்தைக் கதைத்தோம்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. கிசாவின் பெரிய பிரமிட்டுகளுக்குப் பக்கத்தில் வேலைக்காரர்களின் ஊரைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பேக்கரி மாதிரிப் பாண் சுட்ட இடங்கள் இருக்கின்றன. அவர்கள் தின்று போட்ட மாட்டு, ஆட்டு எலும்புகள் கும்பல் கும்பலாகக் கிடக்கின்றன. கல்லிழுத்த குழுக்கள் உள்ளே, ஒருவரும் பார்க்கமுடியாத இடங்களில், தங்கள் குழுப்பெயரைச் சாயத்தால் எழுதியிருக்கிறார்கள். 'அரசனின் குடிகாரர்' என்றுகூட ஒரு குழுவுக்குப் பெயர்! செத்தவர்களைப் பிரமிட்டின் நிழலிலேயே கல்லறை கட்டி அடக்கம் செய்திருக்கிறார்கள். சந்தையில் வாங்கிய அடிமைக்கு அப்படியெல்லாம் செய்வார்களா?

"அப்போ எல்லோரும் விரும்பி வந்தார்கள் என்று எழுதலாமா?" என்று கேட்டேன். எனக்கு அவசரம்.

"எழுதாதீர்கள்," என்றார் மரியம். "ஊர்களிலிருந்து முறைவைத்துக் கூப்பிட்டிருப்பார்கள். வரமாட்டேன் என்று சொல்ல முடிந்ததா, தெரியாது. முதுகெலும்பெல்லாம் தேய்ந்துபோய்க் கிடக்கிறது, வேலை அவ்வளவு கடினம். ஆனால் சவுக்கால் அடித்துக் கட்டுவித்த அடிமைக் கூட்டம் என்பதற்கு அங்கே கிடைத்தவை ஒத்துவரவில்லை."

பைபிளைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். அவரும் கிறிஸ்தவர், கோயிலுக்குப் போகிறவர்தான். "யாத்திராகமத்தில் பிரமிட் எங்கே இருக்கிறது? செங்கல்தான் இருக்கிறது. களஞ்சிய நகரங்கள் கட்டினார்கள் என்றுதான் இருக்கிறது. மோசே காலம் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அப்போது பெரிய பிரமிட்டுக்கு ஆயிரம் வயதுக்கு மேல்." ஐம்பது தவக்காலம் கண்டவன் நான், கோயிலில் வாசிக்கிற அந்த மோசே வாசகத்தில் பிரமிட் இல்லை என்பது ஒருநாளும் என் காதில் ஏறவில்லை.

வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று திரும்பினேன். அப்போது அவர் கடைசியாக ஒரு படத்தை எடுத்து வைத்தார். அந்தக் கல்லறைகளில் கிடைத்த ஒரு முன்கை எலும்பு. முறிந்து, பொருந்தி, நேராக வளர்ந்திருந்தது. யாரோ எலும்பை இழுத்துச் சரிசெய்து, பலகை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கை ஆறும்வரை யாரோ அவனுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள்.

நான் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, என் கையை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. மரியம் குனிந்து அந்த வளைவைப் பார்த்தார்.

"உங்கள் கையைக் கட்டியது யார்?"

"ஒருவரும் இல்லை."

பாரிஸுக்கு வெளியே ஒரு கட்டட வேலை. என்னிடம் விசாப் பத்திரம் இல்லை. சாரத்திலிருந்து விழுந்தேன். முதலாளி காரில் ஏற்றிக்கொண்டுபோய் மெட்ரோ வாசலில் இறக்கிவிட்டு, எங்கே விழுந்தாய் என்று ஒருவரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போனான். பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கழுத்துச் சால்வையில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அறையில் கிடந்தேன். கை ஆறமுன்னமே இன்னொரு இடத்தில் சீமெந்து குழைத்தேன். ஊரில் சைக்கிளால் விழுந்தது என்றுதான் மச்சானுக்குச் சொல்லி வைத்திருந்தேன். பிரமிட் கட்டியவனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. அந்த மேசையடியில் நின்று எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கூடக் கோபம் வந்தது.

திரும்பும் பஸ் மைல் எண்டில் அசையவேயில்லை. மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஆறு இருபது. மத்தளம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆதாரம்?" என்றார் மச்சான்.

பாண், மாட்டெலும்பு, குழுப்பெயர், கல்லறை, செங்கல், ஆயிரம் வருடம், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பைபிளை எடுத்து யாத்திராகமத்தைத் திறந்து, விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார்.

"ஓம், செங்கல்தான் கிடக்கு," என்றார் கடைசியில். "சரி மச்சான், நீ வெண்டிட்டாய். அடிமை வேஷத்துக்கு வேற ஆளைப் பாக்கிறன். ஆனா இந்தப் பிரமிட்டை என்ன செய்யிறது? பெயிண்டும் அடிச்சாச்சே!"

"அது பின்னுக்கு நிக்கட்டும். மோசே வரமுன்னமே கட்டி முடிஞ்சதுதானே. முன்னுக்குச் செங்கல் சுமப்பம்." பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். "வேற ஆளைத் தேடாதேங்கோ. அடிமை வேஷம் எனக்கே வேணும்."

"என்னடா, இதுக்கோ ஒரு கிழமையாச் சண்டை பிடிச்சனி?"

"பிரமிட் கட்டினவன்ர கையைக் கட்டிவிட்டிருக்கினம் மச்சான். கை நேரா வளந்திருக்கு. இது சைக்கிளால விழுந்த கை இல்லை," என்று சொல்லி, மெட்ரோ வாசலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இந்தமுறை மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சான் கிட்ட வந்து அந்த வளைந்த இடத்தில் கையை வைத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. இரண்டு இடமும் இலவசம், என் செலவு பஸ்ஸுக்கு இரண்டு பவுண்டும் ரோல்ஸும்தான். பெரிய இடத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும், சின்ன இடத்துக்குப் பின்னேரம் முழுக்க ஒதுக்குங்கள். திறக்கும் நேரத்தை முதலே விசாரித்துவிடுங்கள். டோர்ச் தந்தால் வாங்கிக்கொண்டு கீழ்த்தட்டுகளையும் குனிந்து பாருங்கள், வேலைக்காரர்களின் சாமானெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

லண்டனில் இருப்பவர்கள் ஒளிவிழாவுக்கும் வாருங்கள். மூன்றாம் காட்சியில் சட்டையில்லாமல் ஒருவன் செங்கல் சுமந்து வருவான். கையைப் பார்த்து, மேக்கப் நல்லாயிருக்கிறது என்று என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.