வன்னித் தேனும் தீவுச் சனமும்

தேன் விற்கப் போகிறவன் முதலில் தான் கள்ளனில்லை என்று காட்ட வேண்டும். வியாபாரம் அதற்குப் பிறகுதான்.

அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து எழுபதுகளின் கடைசி வரை தீவுப்பகுதியில் நான் சைக்கிளில் தேன் கொண்டு திரிந்தேன். வன்னியில், மாங்குளத்தில் கடை வைத்திருந்த என் மச்சான், காட்டில் தேன் எடுக்கிறவர்களிடம் வாங்கி லொறியில் அனுப்புவார். காய்ச்சாத பச்சைத் தேன். அதைக் கழுவிக் காயவைத்த சாராயப் போத்தல்களில் அடைத்து, சைக்கிள் பெட்டியில் வைத்துக்கொண்டு பண்ணைப் பாலம் கடந்து போவேன். போத்தலைக் கண்டதும் சாராயமென்று நினைத்துப் பாதிப் பேர் வேலிப் படலையைச் சாத்திவிடுவார்கள். வீடு வீடாகச் சாமான் கொண்டு போனவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் பட்டது விளங்கும்.

நாய்ச் சோதனை

நல்ல தேனா என்று பார்க்க ஊருக்கு ஊர் ஒரு வழி இருந்தது. சிலர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார்கள், சிலர் தீக்குச்சியைத் தோய்த்து உரசுவார்கள். சுருவிலில் ஒரு அக்கா நாயைக் கூப்பிட்டார். நல்ல தேனை நாய் நக்காது என்பது அவருடைய நம்பிக்கை. தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் ஊற்றி வைத்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து, சிரட்டை பளபளக்கும் வரை நக்கிவிட்டு என்னைப் பார்த்தது.

நான் பெட்டியை மூடிக் கட்டத் தொடங்கினேன். அக்கா பக்கத்து வீட்டு நாயைக் கூப்பிட்டு இன்னொரு சிரட்டையை வைத்தார். அது மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அக்காவின் முகம் தெளிந்தது.

“எங்கடை நாயை நம்பேலாது தம்பி, அது தேத்தண்ணியும் குடிக்கிறது. ஒரு போத்தல் தாரும்.”

யோசேப்பு அண்ணையின் கால்

அல்லைப்பிட்டி யோசேப்பு அண்ணை கடற்தொழிலாளி. சிப்பி வெட்டிய காலோடு கடலுக்குப் போய்ப் போய்ப் புண் ஆறாமல் பழுத்துவிட்டது. ஆசுப்பத்திரியில், இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். மனுசன் வலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

புண்ணுக்குத் தேன் போடலாமா என்று அவர் மனைவி மரியம்மா அக்கா என்னைக் கேட்டார். காட்டில் தேன் எடுக்கிறவர்கள் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். டொக்டரிடம் கேட்காமல் போடவேண்டாம் என்றேன். கேட்டார். “போட்டுப் பாருங்கோ, ஆனால் கிழமைக்குக் கிழமை கொண்டுவந்து காட்ட வேணும்” என்றாராம் டொக்டர். அக்கா துணியை அவித்துக் காயவைத்து, தேன் தடவிக் கட்டினார். தேனுக்கு எறும்பு வந்தது. கட்டில் கால் நான்குக்கும் தகர டின்னில் தண்ணீர் வைத்தார். மெல்ல மெல்லப் புண்ணில் சிவப்பாகச் சதை வந்து மூடியது. விரல் தப்பியது.

அடுத்த முறை நான் போனபோது அண்ணை கரையில் நின்று வள்ளம் தள்ளிக்கொண்டிருந்தார். மரியம்மா அக்காவைக் காட்டிச் சொன்னார்: “கடலுக்குப் போகேலாமல் கிடந்தவனுக்குக் கட்டிலைச் சுத்திக் கடல் வைச்சவள் இவள்.”

நடுக்கடலில்

ஒருமுறை வந்த தேனில் தண்ணீர்ப்பிடி கூடிவிட்டது. அப்படியான தேன் வெயிலுக்குப் பொங்கும் என்பதை நான் நயினாதீவு அம்மாள் திருவிழாவுக்குப் போகும் வழியில் படித்தேன். மோட்டார் வள்ளம் நிறையச் சனம். நடுக்கடலில் “டப்” என்று ஒரு சத்தம். எஞ்சின் வெடித்தது என்று நினைத்து வள்ளக்காரர் அதை நிற்பாட்டிவிட்டார். வெடித்தது என் போத்தலின் தக்கை. தேன் மேலே எழும்பி, தலை முழுகி வெள்ளைச் சேலை உடுத்திருந்த ஒரு அம்மாவின் தலையில் விழுந்தது.

நான் கடலைப் பார்த்தேன். அந்த அம்மா உதட்டில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

“அம்மாளுக்கு அபிஷேகம் பின்னேரமாம். எனக்கு இப்பவே முடிஞ்சுது.”

சேனை

நெடுந்தீவில் ஒருவர், பிறந்த பேரப்பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டுவைக்கத் தேன் வாங்கினார். வாசலில் மருத்துவிச்சி நின்றார். தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் பிள்ளையின் வாயில் படக்கூடாது என்றார். இவர் முறை என்றார், அவர் முடியாது என்றார். போத்தல் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. உள்ளே கிடந்த மருமகள் எழும்பி வந்து அதை வாங்கி, ஒரு கரண்டி தானே குடித்தாள்.

“பிள்ளைக்கு என்னட்டையிருந்துதானே போகுது மாமா, நான் குடிச்சால் போதும்.”

இருமல்

மண்கும்பானில் செல்லம்மா அக்கா புருசனின் இருமலுக்கு இஞ்சிச் சாற்றோடு கொடுக்க என்று நான் போகும்போதெல்லாம் தேன் வாங்குவார். புருசன் புகையிலைத் தோட்டக்காரர், நல்ல உழைப்பாளி. ஒருநாள் அவர் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து இருமியதைக் கண்டேன். சால்வையால் வாயைத் துடைத்து அவசரமாக மடித்தார். மடிப்புக்கு வெளியே சிவப்புத் தெரிந்தது.

எடுத்த போத்தலைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். “அக்கா, இது தேனுக்கு மாறுகிற இருமல் இல்லை. கொண்டுபோய் நெஞ்சுப் படம் எடுங்கோ” என்றேன்.

“கசரோகம் எண்டு ஊர் சொன்னால் என்ரை பெட்டையை ஆர் கட்டுவினம்?” அக்கா கையை நீட்டினார். “நீர் தேனைத் தாரும், புத்தி வேண்டாம்.”

நான் கொடுக்கவில்லை. படலையை என் முகத்துக்கு நேரே சாத்தினார். மறுநாளே அக்கா அவரை முதல் பஸ்ஸில் பட்டணத்துக்குக் கொண்டு போனதாகப் பிறகு அயலில் சொன்னார்கள். நெஞ்சு ஆசுப்பத்திரியில் படுக்க வைத்து மறித்துவிட்டார்களாம். பல மாதம் அந்த ஒழுங்கைக்குள் போக எனக்குத் துணிவு வரவில்லை.

பிறகு ஒருநாள் தெருவால் போகும்போது தோட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் கை காட்டினார். கன்னத்தில் சதை வைத்திருந்ததால் உடனே அடையாளம் தெரியவில்லை. அக்கா வேலிக்குள் நின்று, என்னைப் பார்க்காமல், “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்கோ” என்றார். புருசன் வந்து என் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

“தேன் இல்லையெண்டு கொண்டுபோன தேன் வியாபாரி நீர் ஒருத்தர்தான். இப்ப ஒரு போத்தல் தாரும், மருந்துக்கில்லை, பிட்டோடை தின்ன.”

காட்டில் தேன் எடுத்தவர்களைத் தேனீ கொட்டியது, கொண்டுபோய் விற்ற என்னைச் சனம் கொட்டியது. என் பங்குக் கொட்டுத்தான் இப்போது நினைக்க இனிக்கிறது.