குப்புற வச்ச நாப்பது படம்

முதல்லயே சொல்லிடறேன், பேய், செய்வினை இதுல எல்லாம் எனக்குத் துளி கூட நம்பிக்கை கிடையாது. வீட்டுல யாராச்சும் எலுமிச்சம்பழம் சுத்திப் போட வச்சிருந்தா அதை எடுத்து ஜூஸ் போட்டுக் குடிக்கிற ஆளு நான். அதனால நீங்க நம்பலன்னா கோவிச்சுக்க மாட்டேன் லா, உங்க இடத்துல இருந்தா நானே நம்ப மாட்டேன்.

என் படிப்பு என்னன்னா ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கிற கேலக்சிகளை எண்றது. நிறைய கேலக்சி தூசிக்குள்ள மறைஞ்சு கிடக்கும், நட்சத்திர வெளிச்சம் வெளிய வராது, சூடான தூசி விடுற வெப்பம் மட்டும் டெலஸ்கோப்புல லேசா விழும். அதை எண்ணாம விட்டா, பிரபஞ்சம் எந்தக் காலத்துல எவ்வளவு நட்சத்திரம் பெத்துச்சுங்கிற கணக்கே தப்பாயிடும். படத்தைப் பாத்தா ரவையைக் கொட்டின மாதிரி இருக்கும், நடுவுல ஒரு சின்ன மங்கல், அவ்வளவுதான். அது இருக்கா இல்லையான்னு கடைசியில மனுஷக் கண்ணுதான் சொல்லணும்.

அந்தக் கண்ணுக்காகத்தான் எனக்குத் தெரிஞ்ச புனிதா அக்காவைக் கொண்டு வந்தேன். ஷா ஆலம் ஃபேக்டரியில பல வருஷம் கியூசி, சின்னச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரைக் காதுகிட்ட வச்சு நல்லதா கெட்டதான்னு பிரிச்சுக்கிட்டு இருந்தவங்க. ஃபேக்டரியை மூடிட்டாங்க, அம்பது வயசுல யாரு வேலை குடுப்பா? எங்க புரொஃபசர்கிட்ட நான்தான் கெஞ்சி ஆறு மாசக் கான்ட்ராக்ட் வாங்கிக் குடுத்தேன், நல்லா செஞ்சா நீட்டிக்கலாம்னு பேச்சு. தினமும் கிள்ளான்லேருந்து கொமூட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ்ல என் வாடகை ரூமுக்கு வருவாங்க, ஏசியில உக்காந்து செய்யுற வேலை ஜென்மத்துல இதுதான் முதல் தடவைன்னு பூரிச்சுப் போவாங்க. நான் இன்னும் படிப்பையே முடிக்கல, ஆனா கிண்டலா டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க. சாயங்காலம் "போயிட்டு வரேன் டாக்டர்"னு சொல்லாம வாசப்படி தாண்ட மாட்டாங்க. ஒரு நாள் மறந்துட்டு லிஃப்ட்டு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து சொல்லிட்டுப் போனாங்கன்னா பாத்துக்குங்க.

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. நிஜப் படங்களுக்கு நடுவுல நாங்களே செஞ்ச பொய்க் கேலக்சி கொஞ்சத்தைக் கலந்து விடுவோம், பாக்குறவங்க எத்தனையைத் தவற விடுறாங்கன்னு தெரிஞ்சுக்க. கலந்திருக்கோம்னு அவங்ககிட்ட மூச்சு விடக் கூடாது. நிஜத்துக்கும் பொய்க்கும் வித்தியாசம் செஞ்ச எனக்கே தெரியாது, எது பொய்னு நான் வச்சிருக்கிற லிஸ்ட்டைப் பாத்தாத்தான் உண்டு. ஒரு மாசம் அக்கா பாத்து முடிச்ச ஷீட்டைக் குடுத்தாங்க, சில படத்துக்குப் பக்கத்துல மட்டும் சின்னதா ஒரு பெருக்கல் குறி. ஒப்பிட்டுப் பாத்தேன், குறி போட்டது அத்தனையும் என் பொய்ப் படங்க. ஒண்ணு கூட விடல.

என்ன நெனப்பீங்க? லிஸ்ட்டைத் திறந்து பாத்துட்டாங்கன்னுதானே? எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. அவங்களை ஒரு வார்த்தை கேக்காம அப்பவே அக்கா ஏமாத்துறாங்கன்னு புரொஃபசருக்கு ஈமெயில் தட்டிட்டேன். மறுநாள்தான் கேட்டேன். அக்காவுக்குக் கோபமே வரல, முழிச்சாங்க. "மத்ததெல்லாம் லேசா உறுமுது டாக்டர், இதுங்க மட்டும் ஊமையா இருக்கு. கெட்டுப்போன படமோன்னு குறி போட்டேன்"னாங்க.

நடிப்புன்னுதான் நெனச்சேன். காடு எரியுற ஜெரெபு புகை ஊரையே மூடியிருந்த நேரம், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தா எதிர் ஃபிளாட் தெரியல. கம்ப்யூட்டரையே குலுக்கிப் போட விட்டு நாப்பது படம் புதுசா பிரிண்ட் எடுத்தேன், நிஜம், பொய், ஒண்ணுமே இல்லாத வெத்து வானம், மூணும் கலந்து. எது எதுன்னு எனக்கே தெரியாது. அக்கா எல்லாத்தையும் மேசையில குப்புறக் கவுத்து வச்சாங்க. நம்புங்க நம்பாம போங்க, படத்தைப் பாக்கவே இல்ல, பின்பக்க வெள்ளைத் தாள் மேல கையை வச்சு வச்சு மூணு கட்டா பிரிச்சாங்க, ஒண்ணே ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டாங்க. அப்புறம்தான் நான் லிஸ்ட்டைத் திறந்தேன். மூணு கட்டும் சரி. ரெண்டு தடவை சரி பாத்தேன்.

அக்கா கையில இருந்தது லிஸ்ட்டுப்படி வெத்து வானம். "இதுல ஒண்ணு இருக்கு டாக்டர். ஆனா நம்ம பாக்குறது அதுக்குப் பிடிக்கல"ன்னு திருப்பி ஒரு ஓரத்துல பென்சில் புள்ளி வச்சாங்க. அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் ரவை.

அன்னிக்கே அந்த ஈமெயிலை நான் வாபஸ் வாங்கியிருக்கணும். ஆனா என்னன்னு எழுதுவேன்? அக்காவுக்குக் கேலக்சி உறுமுறது கேக்குதுன்னா? எனக்கும் சேத்துப் பைத்தியம்னு பேர் கட்டிடுவாங்க. லேப்டாப்பை மூடிட்டேன், பயந்தாங்கொள்ளி. கான்ட்ராக்ட் நீட்டல. காரணம் கூட அக்கா கேக்கல, வழக்கம் போல போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாங்க. அது இன்னும் நெஞ்சுல முள்ளு மாதிரி இருக்கு.

அடுத்த வருஷம் வேற ஒரு டெலஸ்கோப்போட புது மேப் வந்துச்சு. பென்சில் புள்ளி வச்ச அதே இடத்துல ஒரு கேலக்சி, தூசி மூடின பழைய கேலக்சி, பளிச்சுன்னு. என் தீசிஸ்ல அது ஒரு முழு அத்தியாயம் ஆயிடுச்சு, என் பேர்ல. அதுக்கப்புறமும் மன்னிப்பு கேக்கலன்னா நான் மனுஷியே இல்லன்னு அந்தப் புது படத்தை பிரிண்ட் எடுத்துக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கிள்ளானுக்குப் போனேன். அக்கா வாசல்ல துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. கேட்டுக்கு வெளியில நின்னுக்கிட்டே ஈமெயில்லேருந்து எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டேன். பொறுமையா கேட்டாங்க, "விடுங்க டாக்டர், நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்"னு சிரிச்சாங்க. கேட்டைத் திறக்க வந்தவங்க, கம்பிக்கு நடுவுல கையை நீட்டிப் படத்தை வாங்கினாங்க. தாள் மேல உள்ளங்கையை வச்சுப் பாத்தாங்க.

"இது ஊமையா இருக்கு டாக்டர். தாள்ல ஒண்ணும் இல்ல."

அப்புறம் நிமிர்ந்து என்னைப் பாத்தாங்க. என்னை இல்ல, என் தோளுக்குப் பக்கத்துல.

"சத்தம் உங்ககிட்டேருந்து வருது."

கேட்டைத் திறக்கல. படத்தைத் திருப்பிக் குடுத்தாங்க.

மூணு மாசம் கழிச்சு அதே இடத்தை இன்னும் நல்லா, இன்னும் நேரம் எடுத்து டெலஸ்கோப்புல மறுபடி பாத்தாங்க. வெத்து வானம். முன்ன வந்த மேப்புல ஏதோ கோளாறா இருந்திருக்கும்னு புரொஃபசர் சொல்றாரு, இருக்கலாம். அந்த அத்தியாயத்தை எடுத்தாச்சு. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல, நல்லா சாப்பிடறேன், நல்லா தூங்கறேன்.

ஆனா அன்னிக்கு நான் கிளம்புறப்ப, லிஃப்ட்டுலேருந்து திரும்பி வந்து சொல்லிட்டுப் போன அந்த அக்கா, என்கிட்ட போயிட்டு வாங்கன்னு சொல்லல. "போங்க டாக்டர்"னு மட்டும் சொல்லிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க. என் மேல இருந்த கோபத்துல சொல்லியிருக்கணும்னு, எந்த சாமியையும் கும்பிடாத நான், இன்னிக்கு வரைக்கும் வேண்டிக்கிட்டு இருக்கேன்.